கடவுள் இருக்கும்போது துணை எதற்கு என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். 2003இல் கோயிலில் கலியாணம் முடித்தீர்கள். 2009 மே மாதம், போர் முடிந்த நேரம், முல்லைத்தீவு வட்டுவாகலில் கணவர் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டார். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, மகன் கொழும்பில் வேலை. உங்களுக்கு வயது நாற்பத்திரண்டு. செல் (எறிகணை) விழுந்து மனைவியை இழந்த ஒருவர், உங்கள் பங்கைச் சேர்ந்தவர்தான், உங்களைக் கலியாணம் செய்யக் கேட்கிறார். இதைச் செபக்கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னபோது, ‘கர்த்தரே உன் நாயகர், அவர் போதாதா’ என்று ஒருவர் கேட்டுவிட்டார். பார்க்க மறுமணம் பற்றிய கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கடைசி வரியில் எழுதியது வேறு: ‘துணை வேண்டும் என்று நினைப்பது விசுவாசக் குறைவா?’ உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதனால் இதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, கலியாணத்துக்குப் பிறகு வருகிறேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் உங்களுக்கு இவ்வளவு மனவருத்தம் வந்திருக்கிறது.

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். குருமடத்தில் ஐந்து வருடம் இருந்து, குருவாகாமல் வெளியே வந்து கலியாணம் முடித்தவன். கிளிநொச்சிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாகத் திருமண ஆயத்த வகுப்பு எடுக்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் ஓரளவு படித்திருக்கிறேன், ஆனால் தீர்ப்புச் சொல்கிற ஆள் இல்லை. நாட்டுச் சட்டத்தில் என் அறிவு அதைவிடக் குறைவு. எது உறுதியானது, எது என் அபிப்பிராயம் என்று பிரித்துத்தான் எழுதுவேன்.

உறுதியானதில் தொடங்குகிறேன். துணை தேடுவது விசுவாசக் குறைவு இல்லை. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் கடவுள் ஒவ்வொன்றாகப் படைத்துவிட்டு ‘நல்லது’ என்று கண்டுகொண்டே போகிறார். வேதத்தில் முதல்முறையாக ‘நல்லதல்ல’ என்று வருவது இரண்டாம் அதிகாரம் பதினெட்டாம் வசனத்தில்: மனிதன் தனிமையாக இருப்பது நல்லதல்ல. பாம்பு வருவது மூன்றாம் அதிகாரத்தில். அதாவது, பாவம் இன்னும் நுழையவே இல்லை. ஆதாம் கடவுளை விட்டுத் தூரப் போயிருக்கவும் இல்லை. கடவுள் பக்கத்திலேயே இருக்கிறார், கதைக்கிறார், தோட்டத்தைக் கொடுக்கிறார். அப்படி இருக்கும்போதே, தான் ஒருவர் இருப்பது இவனுக்குப் போதும் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே ‘கடவுள் போதாதா’ என்ற கேள்விக்குக் கடவுளே அங்கே பதில் சொல்லியிருக்கிறார்.

அந்த வசனத்தில் துணை என்று நாங்கள் வாசிக்கிற எபிரேயச் சொல் ‘ஏசெர்’. கூடமாட நின்று வேலை செய்கிற உதவியாள் என்று நினைத்துவிடாதீர்கள். மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்துகிறேன், எனக்கு உதவி எங்கிருந்து வரும் என்ற 121ஆம் திருப்பாடலில் கடவுளிடமிருந்து வருகிற உதவிக்கும் இதே சொல்தான். அதோடு ஒட்டி வருகிற ‘கெனெக்தோ’ என்பதற்கு அவனுக்கு எதிரே, அவனுக்கு ஈடாக, முகத்துக்கு முகமாக என்று பொருள் சொல்லலாம். பின்னால் நடந்து வருகிறவர் என்ற கருத்து அதில் இல்லை.

வகுப்பில் இதைச் சொல்லமுன், துணை என்றால் என்ன என்று பிள்ளைகளிடம் கேட்பேன். பொடியன்கள், சமைத்துத் தருவது, பிள்ளை பார்ப்பது, வருத்தம் வந்தால் கவனிப்பது என்று சொல்வார்கள். பெண்பிள்ளைகள் பாதுகாப்பு என்பார்கள். ஒருமுறை, தேத்தண்ணி ஊற்ற வந்த அம்மா ஒருவர் கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனுசனும் உங்கள் கணவரைப் போலத்தான் போனவர். ‘நெல்லுமூட்டை இறக்க ஆள் இருக்கு, கூலி குடுத்தா வருவாங்கள். ராவில நாய் குரைச்சா, என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ எண்டு சொல்லத்தான் ஆள் இல்லை. யானையோ கள்ளனோ எண்டு நானே யோசிச்சு, நானே எழும்பி ரோச் அடிச்சுப் பாத்து, நானே திரும்பி வந்து படுக்கிறன்’ என்றார். சொல்லிவிட்டு ஆர் ஆருக்குச் சீனி போடுறது என்று கேட்டார். பிள்ளைகள் பேசாமல் குடித்தார்கள். அன்றைக்கு நான் இரண்டு மணித்தியாலம் படிப்பித்ததில் அவர்களுக்கு வேறு எதுவும் நினைவிருக்காது.

இனி அந்த ‘நாயகர்’ வசனம். ஏசாயா 54ஆம் அதிகாரம், ஐந்தாம் வசனம். உன் சிருஷ்டிகரே உன் நாயகர் என்று அங்கே சொல்லப்படுவது தனியாக ஒரு பெண்ணுக்கு அல்ல. இடிந்து கிடந்த எருசலேமுக்கும், பிடித்துக்கொண்டு போகப்பட்ட அதன் சனத்துக்கும். ஒரு நகரத்தையே கைவிடப்பட்ட மனைவியாக வைத்துப் பேசுகிறார் இறைவாக்கினர். எங்கள் ஊர்களுக்கு அந்த அதிகாரம் முழுவதும் பொருந்தும், இருந்து வாசித்துப் பாருங்கள். கணவன் இல்லாத பெண் அதில் ஆறுதல் எடுத்தால் நான் தடுக்க மாட்டேன், எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அவள் தானாக எடுத்துக்கொள்வது வேறு, மாலைச் செபத்தில் வீட்டில் கணவன் காத்திருக்கிற ஒருவர் அதைச் சொல்லி அவள் வாயை மூடுவது வேறு. கெத்சமனியில் இயேசு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். தந்தையோடு அவருக்கு இருந்த உறவைவிட நெருங்கிய உறவு ஒருவருக்கும் இல்லை. அவருக்கும் அந்த இராத்திரி ஆள் தேவைப்பட்டது. அவர்கள் நித்திரை கொண்டுவிட்டார்கள், அது வேறு கதை. கலியாணம் வேண்டாம் என்று இருந்த பவுல் கடைசிக் காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதியதையும் பாருங்கள்: லூக்கா மட்டும்தான் என்னோடு இருக்கிறான், நீ குளிர்காலத்துக்கு முன்னம் வரப் பார், வரும்போது துரோவாவில் விட்ட மேலங்கியை எடுத்துக்கொண்டு வா.

எங்கள் திருச்சபை இந்த விஷயத்தில் எப்போதும் ஒரே மாதிரிப் பேசவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். புனித அகுஸ்தினார் 401ஆம் ஆண்டளவில் எழுதும்போது, கலியாணம் பிள்ளைப்பேற்றுக்காக மட்டும் நல்லது என்று இல்லை, இருவருக்கிடையில் உள்ள இயல்பான தோழமைக்காகவும் நல்லது, இல்லாவிட்டால் வயது போனவர்களுடைய கலியாணத்தைக் கலியாணம் என்றே சொல்ல முடியாதே என்றார். அருமையான வாதம். அதே மனிதர் தொடக்கநூலுக்கு விளக்கம் எழுதியபோது, சேர்ந்திருந்து கதைக்கத்தான் துணை என்றால் இன்னொரு ஆணே பொருத்தமாக இருந்திருப்பான், பெண் உண்டாக்கப்பட்டது பிள்ளை பெறத்தான் என்கிற மாதிரி எழுதிவிட்டார். பெரிய மகான்தான், ஆனால் இந்த இடத்தில் பிழை விட்டார் என்று சொல்ல எனக்குப் பயமில்லை. (இதை எட்டிப் பார்த்த என் மனைவி, ‘அவர் கலியாணம் முடிச்சிருந்தால் அப்பிடி எழுதியிருக்க மாட்டார்’ என்கிறாள்.) 1917இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும் பிள்ளைப்பேற்றையும் வளர்ப்பையும் முதல் நோக்கம் என்று வைத்து, ஒருவருக்கொருவர் உதவியாக இருப்பதை இரண்டாவதாகத்தான் வைத்தது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அந்தப் பேச்சை மாற்றியது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் 1055ஆம் சட்டத்தை எடுத்துப் பார்த்தால், கலியாணம் என்பது வாழ்நாள் முழுவதுக்குமான கூட்டு, தம்பதிகளின் நலனுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் ஏற்பட்டது என்று இருக்கிறது. முதல் இடம், இரண்டாம் இடம் என்ற கணக்கு அங்கே இல்லை. மற்றச் சபைகளில் இதை முன்னமே சொன்னவர்கள் இருக்கிறார்கள்: 1549ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் செபநூல், இன்பத்திலும் துன்பத்திலும் ஒருவருக்கொருவர் துணையும் ஆறுதலுமாக இருப்பதைக் கலியாணத்தின் மூன்றாவது காரணமாகச் சொன்னது. ஆகவே நாற்பத்திரண்டு வயதில், இனிப் பிள்ளை பிறக்காமலும் போகலாம் என்ற நிலையில், கதைக்க ஒரு ஆள் வேண்டும் என்று முடிக்கிற கலியாணம் தரம் குறைந்த கலியாணம் இல்லை.

முதல் கேள்வி இவ்வளவுதான். கலியாணத்துக்கு வருவோம்.

இதிலும் உறுதியான பகுதி உண்டு. மரணம் கலியாணக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. உரோமையர் 7இலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 7ஆம் அதிகாரத்தின் முடிவிலும் பவுல் இதைச் சந்தேகம் இல்லாமல் சொல்கிறார்: கணவன் இறந்துவிட்டால் அவள் தான் விரும்பியவரை முடிக்கலாம், ஆண்டவருக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவே. அப்படியே இருப்பது அவளுக்கு நல்லது என்றும் ஒரு வரி சேர்க்கிறார், ஆனால் அது தன்னுடைய கருத்து என்று சொல்லித்தான் சேர்க்கிறார். தொடக்க நூற்றாண்டுகளில் விதவையின் மறுமணத்தை அசிங்கமாகப் பார்த்த கூட்டங்கள் இருந்தன. 325இல் ஆயர்கள் கூடிய நீசேயாச் சங்கம், அப்படிப்பட்ட ஒரு கூட்டம் திரும்பச் சபைக்குள் வர வேண்டுமென்றால் இரண்டாந்தரம் கலியாணம் செய்தவர்களோடும் ஒரே பந்தியில் இருக்கச் சம்மதிக்க வேண்டும் என்று எட்டாம் சட்டத்தில் எழுதி வைத்தது. 1700 வருடத்துக்கு முந்திய தீர்ப்பு. எங்கள் ஊரில் மனைவி செத்த ஆண் ஒரு வருடத்தில் முடித்தால் ‘பாவம், பிள்ளையளைப் பாக்க ஆள் வேணும்தானே’ என்பார்கள். பெண் முடித்தால் கதை வேறு. அந்தப் பேச்சு வேதத்திலிருந்து வந்தது இல்லை.

ஆனால் நீங்கள் விதவை என்றும் சொல்ல முடியாது, தங்கச்சி. முடிச்சு அங்கேதான் இருக்கிறது. சில வருடத்துக்கு முன் ஒரு உதவித் திட்டத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். விவாக நிலை என்ற இடத்தில் விவாகமானவர், விவாகமாகாதவர், விதவை, பிரிந்து வாழ்பவர் என்று நான்கு பெட்டி. எனக்கு முன்னால் இருந்தவர் கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டு, ‘சேர், அதை விட்டுட்டு மற்றதை நிரப்புங்கோ’ என்றார். விட்டுவிட்டேன். முழுமையாக நிரப்பப்படவில்லை என்று அந்தப் படிவம் திரும்பி வந்தது.

இந்த நிலைக்குத் திருச்சபைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. சனத்துக்கு இது தெரியாது. தெரிந்த சில குருக்களும் சொல்வதில்லை. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1707ஆம் சட்டம் அது. கணவன் அல்லது மனைவி இறந்ததற்குப் பத்திரம் இல்லாவிட்டால், இறந்திருக்க வேண்டும் என்று மறைமாவட்ட ஆயர் விசாரித்து அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு வந்தபிறகுதான் மற்றவர் கலியாணம் முடிக்கச் சுதந்திரம் உள்ளவர். சாட்சிகள் சொல்வது, ஊரில் உள்ள பேச்சு, சூழ்நிலைகள் எல்லாவற்றையும் பார்த்து ஆயருக்கு மனச்சாட்சிப்படியான உறுதி வர வேண்டும். ஒருவர் நீண்ட காலமாக இல்லை என்பது மட்டும் போதாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பதினாறு வருடம் ஆயிற்றே என்று நீங்கள் சொன்னால், வருடத்தை எண்ணி முடிவெடுக்க முடியாது என்பதுதான் பதில். சிக்கலான வழக்கானால் ஆயர் உரோமையிடம் கேட்க வேண்டும்.

உங்கள் வழக்கு எப்படிப் போகும் என்பது சந்தேகமான பகுதி. செல் விழுந்ததைக் கண்ட சாட்சி இருந்தால் விசாரணை சுலபம். உங்கள் கணவரைக் கடைசியாகக் கண்டது உயிரோடு, உயிரோடு ஒப்படைக்கப்பட்டவர். அதனால் விசாரிப்பவர்களுக்குக் கஷ்டம். எப்படிப்பட்ட கேள்விகள் வரும் என்று எனக்கு ஊகிக்க முடியும்: அவரோடு ஒன்றாக ஏற்றப்பட்டவர்களில் யாராவது திரும்பி வந்தார்களா? தடுப்பில் இருந்து வந்த யாராவது அவரை உள்ளே கண்டதாகச் சொன்னார்களா? இவ்வளவு காலத்தில் ஒரு கடிதமாவது, யார் மூலமாவது ஒரு செய்தியாவது வந்ததா? உயிரோடு இருந்தால் எப்படியாவது அறிவிக்கக்கூடிய மனிதரா, பிள்ளைகளில் பாசமா? கடைசிக் கேள்வி நெஞ்சில் குத்தும். ஆனால் ‘அவர் பிள்ளைகளில் உயிரையே வைத்திருந்தவர்’ என்று நீங்கள் சொல்லப்போகிற பதில்தான் அவர் இறந்திருக்க வேண்டும் என்பதற்கு அத்தாட்சியாக எழுதப்படும். அதைச் சொல்லத் தயாராக இருக்கிறீர்களா என்று முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

‘அவர் ஒரு நாள் வந்து வாசலில் நின்றால்?’ என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் நான் கதைத்த ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி அது. இதுவும் பழைய கேள்விதான். 452இல் அத்தில்லாவின் ஹூணர் படை வட இத்தாலியில் அக்குவிலேயா என்ற நகரத்தை நாசமாக்கி, ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது. போனவர்கள் செத்துவிட்டார்கள் என்று நம்பிப் பல மனைவிமார் வேறு கலியாணம் முடித்தார்கள். சில வருடத்தில் கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள்! அந்த ஊர் ஆயர் நிக்கேத்தாஸ் என்ன செய்வதென்று தெரியாமல் பாப்பரசர் முதலாம் லியோவுக்கு எழுதினார். 458இல் பதில் வந்தது. முதல் கணவன் திரும்ப வந்து மனைவியை விரும்பினால், முதல் கலியாணம்தான் நிற்கும். ஆனால் நடுவில் அவளை முடித்தவனைக் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது. இறந்துவிட்டான் என்று நம்பி, நிலைமையின் நெருக்கத்தால் நடந்தது அது. திரும்பிப் போக மறுக்கிற மனைவியைச் சபைக்குப் புறம்பாக்க வேண்டும் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. அந்த வரி எனக்குக் கசக்கிறது. ஆனால் இனிப்பானதை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு அதை மறைப்பது நேர்மை இல்லை. இன்றைக்கும் கொள்கை அதேதான்: ஆயரின் அறிவிப்பு ஒரு ஊகம், ஆள் உயிரோடு வந்தால் ஊகம் விழுந்துவிடும். நல்லெண்ணத்தோடு, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு முடித்தவர்கள் மேல் பாவம் சுமத்தப்படாது.

நாட்டுச் சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்க மனம் வராதவர்களுக்காக, காணாமல் போனவர் என்பதற்கான சான்றிதழை 2016இன் 16ஆம் இலக்கத் திருத்தம் கொண்டுவந்தது. இந்த இரண்டாவது பத்திரம் காணி, வங்கி, கொடுப்பனவு அலுவல்களுக்கு உதவும். அது மரணச் சான்றிதழ் இல்லை, அதை வைத்துக்கொண்டு மறுமணம் பதியலாம் என்று யாரும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். கோயிலில் நடக்கிற கலியாணம் நாட்டுச் சட்டப்படியும் பதியப்படுவதால், ஆயரின் அறிவிப்பு மட்டும் இருந்தாலும் பாதர் அதோடு நடத்த மாட்டார். இதற்கு ஒரு சட்டத்தரணியிடம் போகத்தான் வேண்டும்.

மரணச் சான்றிதழ் என்றதும் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் பந்தல் போட்டுப் போராட்டம் இருக்கத் தொடங்கியபோது நான் அந்த வழியால் போய் வந்தவன். எங்கள் கையால் வாங்கிக்கொண்டு போனவர்களிடம் பதில் வாங்காமல் நாங்களே செத்துவிட்டான் என்று எழுதிக் கொடுப்பதா என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. என் அபிப்பிராயத்தில், ஆயர் அறிவிப்பது நீங்கள் முடிக்கலாம் என்பதை மட்டும். உங்கள் கணவருக்கு என்ன நடந்தது என்ற கேள்வியை அது மூடாது. அறிவிப்பை வாங்கியபிறகும் படத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பந்தலில் போய் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அரச பத்திரத்தில் கையெழுத்து வைப்பதா இல்லையா என்று உங்களுக்குச் சொல்ல எனக்கோ, உங்கள் பாதருக்கோ, போராட்டத்தில் இருக்கிறவர்களுக்கோ உரிமை இல்லை.

இதை வாசிக்கிற வேறு ஆட்களுக்காக இடையில் ஒன்று. சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளை அவசர அவசரமாகக் கட்டி வைத்த காலம் எங்களுக்கு ஒன்று இருந்தது. வெளியில் இருந்து வந்த கடும் பயத்துக்குத் தப்ப வேறு வழியில்லாமல் சம்மதித்த கலியாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாமல் போகலாம் என்று 1103ஆம் சட்டம் சொல்கிறது. பயம் காட்டியவர் கலியாணத்தை மனதில் வைத்துப் பயம் காட்டியிருக்க வேண்டும் என்று இல்லை. அது வேறு விசாரணை, வேறு வழி. 2003இல் விரும்பி முடித்த உங்களுக்கு இது பொருந்தாது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, வேண்டாம், இப்படியே இருக்கிறேன் என்று நீங்கள் முடிவெடுக்கலாம். அதுவும் நல்ல முடிவுதான், ஆனால் உங்கள் முடிவாக இருக்க வேண்டும். கலியாணம் இல்லாமல் இருப்பது ஒரு வரம் என்று பவுல் சொல்வதை வைத்து உங்களுக்கும் அந்த வரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், கணவரைப் பறிகொடுத்ததற்கு வரம் என்று பெயர் வைக்காதீர்கள் என்று சொல்லுங்கள். துணை என்றால் கலியாணம் ஒன்றுதான் என்றும் இல்லை. மூன்று ஆண்களும் செத்துப்போன வீட்டில், நீ போகும் இடத்துக்கு நானும் வருவேன் என்று ரூத் சொன்னது ஒரு கிழவிக்கு, தன் மாமியாருக்கு. சிலுவையில் தொங்கிக்கொண்டே இயேசு தன் தாயை ஒரு சீடருடைய வீட்டுக்கு ஆள் ஆக்கினார். பொறுப்பான ஒரு வீட்டைப் பார்த்துக் கொடுத்தார். எங்கள் பங்குகள் அதைச் செய்திருக்கின்றனவா? கொடுப்பனவுப் பட்டியலில் பெயர் போடுவது, வருடத்தில் ஒரு நாள் மெழுகுதிரி கொளுத்துவது, அதற்கு மேலே எனக்கு அதிகம் தெரியவில்லை. ஒன்றாக வாழத் தொடங்கிவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். நற்கருணை இல்லை என்று கோயிலில் சொன்னார்கள். சட்டப்படி சரி. ஆனால் 1707 என்று ஒரு வழி இருக்கிறது, போய்க் கேளுங்கள் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் அதில்தான்.

மற்றப் பக்கமும் சொல்ல வேண்டும். தனிமை தாங்காமல் அவசரத்தில் முடித்து, பிறகு இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்று அழுத பெண்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவருடைய பிள்ளைகள் உங்களை என்னவென்று கூப்பிடப் போகிறார்கள், உங்கள் மகன் லீவில் வந்தால் எந்த வீட்டில் தங்குவான், கணவர் பேரில் உள்ள காணி யாருக்கு, அவருடைய படம் சுவரில் இருக்குமா? இதையெல்லாம் அந்த மனிதரோடு இருந்து கதையுங்கள். படத்தைக் கழற்றச் சொல்கிற ஆளா, தானே தூசி தட்டுகிற ஆளா என்று அதில் தெரிந்துவிடும்.

கேட்டுப் பார்ப்பது என்று முடிவெடுத்தால், முதலில் பங்குத் தந்தையிடம் போங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் யாழ்ப்பாண மறைமாவட்டம், மன்னார், வவுனியா என்றால் மன்னார் மறைமாவட்டம். விண்ணப்பம் அந்தந்த ஆயர் இல்லத்துக்குப் போகும். பாதர் தட்டிக் கழித்தால் ஆயர் இல்லத்துக்கே எழுதலாம், தடை இல்லை. கோயில் கலியாணப் பதிவின் பிரதி, கணவரின் அடையாள அட்டைப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமை ஆணைக்குழு, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று இவ்வளவு காலம் நீங்கள் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போடுங்கள். அன்று வட்டுவாகலில் உங்களோடு நின்றவர்கள் இருந்தால் அவர்கள் பெயர், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் எழுதி வையுங்கள், வெளிநாட்டில் இருந்தாலும் பரவாயில்லை. மூலப் பிரதிகளை ஒருவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அப்புறம், தனியப் போகாதீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போக முடியாது, அவளுக்கு முன்னால் சில பதில்களை உங்களால் சொல்ல முடியாது. முல்லைத்தீவுப் பக்கம் என்றால் தான் வருவதாக என் மனைவி சொல்கிறாள். செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கிளினிக், மற்ற எந்த நாள் என்றாலும் சரியாம்.